உட்கார வைத்துப் பார்த்த டாக்டர்

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, மற்றப் பெரியவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த நம் டாக்டரின் தங்கை அவர்களே, நாற்காலி கிடைக்காமல் மூன்று வாசலிலும் நெருக்கியடித்து நிற்கிறவர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் ஆறு பேர் பேசினார்கள். ஆறு பேரும் படித்தவர்கள். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பிள்ளைகளின் பாடப்புத்தகத்தையும், மருந்துப் பெட்டிக்குள் பொடி எழுத்தில் மடித்து வைத்திருக்கும் தாளையும் வாசித்து வாசித்து நானாகப் படித்துக்கொண்டவள். வீட்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதனால் பேச்சில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம், காது கொடுத்துக் கேளுங்கள்.

ஆறு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னீர்கள். கைராசி. "அவங்க கைராசி அப்படி", "கைராசிக்கார டாக்டர்", "அந்தக் கைராசி இனி யாருக்கு வரும்". நான் எண்ணினேன். பதினான்கு தடவை. எண்ணுவது என் பழக்கம். எங்கள் வீட்டில் சிலிண்டர் மாற்றிய தேதி, அரிசி மூட்டை பிரித்த தேதி, தண்ணீர்த் தொட்டி கழுவிய தேதி எல்லாம் இருபது வருடத்துக்கு நோட்டில் இருக்கிறது. இன்றைக்கு இந்தப் பதினான்கும் ஏறும்.

கைராசியா? என்ன அநியாயமான பேச்சு இது! ஒரு மனுஷி ஆறு வருடம் அளந்து அளந்து, பிரித்துப் பிரித்துத் தைத்து, ஏச்சும் ஏளனமும் வாங்கிக் கட்டிக்கொண்டு ஒரு வேலையைச் சரிப்படுத்தியிருக்கிறார். அதை ராசி என்று ஒரே வார்த்தையில் சொல்லி, அவரோடு சேர்த்துப் புதைத்துவிடலாம் என்று பார்க்கிறீர்களா? ராசி என்றால் அது அவரோடு போய்விட்டது, இனி யாரும் செய்ய வேண்டியதில்லை. அதுதானே வசதி?

நான் கடவுளை நம்புகிறவள். காலையில் கும்பிட்ட பிறகுதான் அடுப்பைப் பற்ற வைப்பேன். அந்தக் கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன். நம் டாக்டருக்குக் கைராசி இருக்கவில்லை. எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்தக் கை முதலில் தப்பாகச் செய்தது என் உடம்பில்தான்.

ஆமாம். எதற்கு முணுமுணுப்பு? அவரே நாலு பேர் முன்னால் சொல்லிக்கொண்டதைத்தான் நான் சொல்கிறேன்.

ஏழு வருடத்துக்கு முன்னால் புற்றுநோய் வந்து என் இடது மார்பை எடுத்தார்கள். அதே நேரத்தில் என் வயிற்றிலிருந்து தோலும் கொழுப்பும் எடுத்துப் புதிய மார்பு ஒன்றை நம் டாக்டர் அமைத்தார். நல்ல ஆபரேஷன். கிருமி இல்லை, காய்ச்சல் இல்லை, தையல் விடவில்லை. தினமும் காலையில் ஏழு பேர் கூட்டமாக வருவார்கள். நான் படுத்திருப்பேன். போர்வையை விலக்குவார்கள். "பிரமாதம்" என்பார்கள். ஒருவர் போட்டோ எடுப்பார். போர்வையை மூடிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தேன். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்றேன். நின்றேன் ஐயா, நின்றேன்! படுத்திருக்கும்போது இரண்டும் ஒன்றுபோலப் பரவி ஒரே மட்டத்தில் இருந்தன. எழுந்து நின்றதும் கடவுள் கொடுத்தது தன் வயசுக்குத் தகுந்தபடி இறங்கிக்கொண்டது. டாக்டர் கொடுத்தது மட்டும் மேலேயே நின்றுகொண்டது. கீழ் மடிப்பு ஒரு பக்கம் ஓரிடம், மறுபக்கம் வேறிடம்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இங்கேதான் இருக்கிறார், பின்னாலிருந்து நாலாவது வரிசை. தலையைக் குனிய வேண்டாம், எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். "துணிக்குள்ள இருக்கறது யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். "எனக்குத் தெரியுதே" என்றேன். "உயிர் பிழைச்சதே பெரிசு, இன்னும் என்ன?" என்றார் நாத்தனார். "இந்த வயசுல யாருக்குக் காட்டப் போறீங்க அத்தை?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள் நாத்தனார் மகளின் தோழி. சிரிக்கட்டும். அவளுக்கு எதுவும் வர வேண்டாம் என்று அன்றைக்கே கும்பிட்டுக்கொண்டேன்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். நான் அழகாக இருக்க வேண்டும் என்று அழவில்லை. கண்ணை மூடிக் கை கூப்பி நிற்கும்போது, கூப்பிய கை இடது பக்கம் ஒரு மாதிரியும் வலது பக்கம் ஒரு மாதிரியும் படும். கடவுள் பெயர் பாதியில் நின்றுவிடும். என் உடம்பு நடுவில் வந்து நின்றுகொள்ளும். சாமி கும்பிடும் இடத்தில் என்னை நானே நினைத்துக்கொண்டு நிற்கிறேனே என்று வெட்கமாக இருக்கும். ஆறு மாதம் எனக்கு ஒரு முழுப் பிரார்த்தனை கிடைக்கவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? எந்தச் சீட்டில் எழுதுவது?

நோட்டில் எழுதினேன். தையல் டேப்பை எடுத்துக் கழுத்துக் குழியிலிருந்து இந்தப் பக்கம் இத்தனை, அந்தப் பக்கம் இத்தனை என்று அளந்தேன். நின்றபடி, உட்கார்ந்தபடி, கையைத் தூக்கியபடி. சும்மா புலம்பினால் வாயை அடைத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். கணக்கை யார் அடைக்க முடியும்?

ஆறாவது மாதம் டாக்டரிடம் போனேன். வழக்கம்போல, "ஏறிப் படுங்கம்மா" என்றார்.

"படுக்க மாட்டேன் டாக்டர். நான் நிக்கறேன். நீங்க உக்காருங்க."

பக்கத்தில் இருந்த நர்ஸ் என்னை முறைத்த முறைப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. டாக்டர் உட்கார்ந்தார். நான் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு நின்றேன். அவர் பார்த்தார். முதலில் டாக்டர் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு ஒரு பெண் பார்க்கிற மாதிரி பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"மூணு சென்டிமீட்டர் இருக்கும்ல?" என்றார் மெதுவாக.

"மூணேகால். முப்பத்திரண்டு தடவை அளந்திருக்கேன்."

"எதுல எழுதியிருக்கீங்க?"

நோட்டை எடுத்து நீட்டினேன். புரட்டினார். "இதை ஒரு வாரம் எனக்குத் தர்றீங்களா?"

"மாட்டேன் டாக்டர். அதுலதான் தண்ணித் தொட்டி கழுவின தேதியும் இருக்கு. வேணும்னா இங்கேயே உக்காந்து படிச்சுக்கங்க."

படித்தார்! மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே, எதிரில் என்னை உட்கார வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் படித்தார். பிரார்த்தனை பற்றி எழுதியிருந்த பக்கத்தில் நின்றார். நான் பயந்தேன். பக்தி இருக்கிறவள் இப்படி எழுதலாமா என்று கேட்பாரோ? சும்மா இருந்திருக்கலாமோ?

அவர் சொன்னது இதுதான். "நல்லா வந்திருந்தா அது உங்களுக்கு மறந்து போயிருக்கணும்மா. சாமி கும்பிடற எடத்துல ஞாபகம் வருதுன்னா நான் சரியா பண்ணலைன்னு அர்த்தம்."

இத்தனை வருடத்தில் எந்த டாக்டராவது தன் வாயால், "நான் சரியா பண்ணலை" என்று சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? மேடையில் இருக்கிறவர்களைத்தான் கேட்கிறேன். சொல்லியிருக்கிறீர்களா?

அவர் அதோடு விடவில்லை. அதற்கு முந்தைய நான்கு வருடத்தில் அவர் மார்பு அமைத்துக் கொடுத்த பெண்கள் நாற்பத்தொரு பேர். எல்லோருடைய போட்டோவையும் எடுத்து மேசையில் பரப்பினார். ஒவ்வொன்றும் கட்டிலில் படுத்தபடி எடுத்தது. ஒவ்வொன்றும் ஆபரேஷன் முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் எடுத்தது. ஆபரேஷனுக்குப் பிறகு கரண்ட் வைப்பார்களே, கதிர்வீச்சு, அது வைத்த பக்கம் போகப் போகச் சுருங்கி மேலே ஏறும் என்பது எங்கள் ஒவ்வொருத்திக்கும் தெரியும். அந்தப் படங்களுக்குத் தெரியாது. பெரியவர்களே, நீங்கள் எங்களைப் படுத்தபடியே பார்த்தீர்கள். நாங்கள் நின்றபடி வாழ்கிறோம். பஸ்ஸில் நிற்கிறோம், பள்ளிக்கூட வாசலில் நிற்கிறோம், அடுப்படியில் நிற்கிறோம். இந்தச் சின்ன விஷயம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையே, எப்படி?

நாற்பத்தொரு பேருக்கும் தன் கையாலேயே கடிதம் எழுதினார். பத்தொன்பது பேர் வந்தார்கள். ஒரு காலி அறையில் சுவரில் குறுக்குக் கோடுகள் போட வேண்டும் என்றார். கோடு கோணலாகிவிடக் கூடாது என்று கடைத்தெருவுக்குப் போய், கொத்தனார் வைத்திருப்பாரே, அந்த ரசமட்டம் ஒன்றை வாங்கி வந்தார். சுவரில் வைத்து, குமிழ் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பென்சிலால் கோடு கிழித்தார். வார்டு முழுக்கச் சிரித்தது. "ரசமட்டம் டாக்டர்" என்று பெயர் வைத்தார்கள். அவருக்கும் காதில் விழுந்தது. "நல்ல பேரா இருக்கே, போர்டுல எழுதிரலாமா?" என்றார்.

ஆனால் சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். நம் தலைவர் அவர்கள்தான். அறை வாசலில் நின்று, "இது ஆஸ்பத்திரியா, கட்டடம் கட்டற எடமா?" என்று கேட்டார். ஐயா, நான் உள்ளே சட்டையில்லாமல் நின்றுகொண்டிருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் எனக்கு நன்றாகக் கேட்டது.

பத்தொன்பது பேரும் ஒவ்வொருவராகச் சுவரோரம் நின்றோம். நான் நோட்டில் எழுதினேன், டாக்டர் அளந்தார். பதினான்கு பேருக்கு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம். நீச்சல் சொல்லிக் கொடுக்கிற ஒரு பெண் தண்ணீரில் இறங்கி மூன்று வருடமாகிறது என்றாள். இன்னொருத்தி புருஷன் முன்னால் விளக்கை அணைக்காமல் துணி மாற்றியதே இல்லை என்றாள். கடைசியாக ஒரு தையல்காரம்மா வந்தார். சுவரோரம் நின்றபடியே டாக்டரைப் பார்த்து, "உங்களுக்கு ஒரு விஷயம் தெரியுமா? நீங்க பண்ற ஆபரேஷனை எல்லாம் ஊருக்குள்ள நான்தான் சரி பண்ணிட்டிருக்கேன்" என்றார்.

டாக்டருக்குப் புரியவில்லை. "எப்படி?"

"ஒரு பக்கம் பஞ்சு வெச்சு, ஒரு பக்கம் தோள்பட்டையை இறக்கி. உங்ககிட்ட ஆபரேஷன் பண்ணின ஏழு பேருக்கு நான்தான் சட்டை தைக்கிறேன். தையல் மிஷின் வெச்சிருக்கறவ பார்த்தவுடனே சொல்லிடுவா, இது உங்க கைன்னு."

டாக்டர் அழுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. தட்டையான துணியை எங்கே மடிச்சுப் பிடிச்சா குவியும், எவ்வளவு பிடிச்சா தொங்கும், எனக்குச் சொல்லிக் குடுங்க" என்றார். இருபது வருடம் ஆபரேஷன் செய்த ஒரு டாக்டர், தையல்காரம்மாவின் மாணவியாக அன்றைக்கு உட்கார்ந்தார். இதுவா ராசி? சொல்லுங்கள், இதுவா ராசி?

அடுத்த மாதக் கூட்டத்தில் எல்லா டாக்டர்கள் முன்னாலும் எழுந்து, பத்தொன்பதில் பதினான்கு தன் தவறு என்று சொன்னார். சொல்லிவிட்டு மூன்று புதிய பழக்கம் கொண்டுவந்தார். ஒன்று, ஆபரேஷனுக்கு முதல் நாள் அந்தச் சுவரோரம் பெண்ணை நிற்க வைத்து, அவளையே கண்ணாடியில் பார்க்க வைத்து, அவள் சரி என்று சொன்ன பிறகே தோலில் கோடு போடுவது. இரண்டாவது, போட்டோவை ஒரு வருடம் கழித்து, நிற்க வைத்து எடுப்பது. மூன்றாவதுதான் எல்லாச் சண்டைக்கும் காரணம். தைத்து மூடுவதற்கு முன்னால், மயக்கத்தில் இருக்கும் பெண்ணை மேசையோடு நிமிர்த்தி உட்கார வைத்துப் பார்ப்பது.

இருபது நிமிடம் அதிகமாகும். மயக்க மருந்து டாக்டர் குதித்தார். "உக்கார வெச்சா பிரஷர் இறங்கிடும், யார் பொறுப்பு?" என்றார். "நீங்கதான் பொறுப்பு. அதனாலதான் உங்களையே கேக்கறேன், எவ்வளவு மெதுவா தூக்கினா இறங்காது?" என்றார் நம் டாக்டர். மயக்க மருந்து டாக்டரும் கெட்டவர் இல்லை. தலையைத் தாங்கி, கையைக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினால் ஒன்றும் ஆகாது என்று அவரே கண்டுபிடித்துக் கொடுத்தார். இன்றைக்கு வரை ஒருத்திக்கும் ஒன்றும் ஆனதில்லை.

பெண்ணை நிமிர்த்தியதும் டாக்டர் காலடிப் பக்கம் தூரப் போய் நின்று பார்ப்பாராம். உள்ளே இருக்கிற எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்பாராம். ஒரு நாள் எல்லோரும் நன்றாயிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். தியேட்டர் துடைக்கிற அக்கா மட்டும் பேசவில்லை. "நீங்க சொல்லுங்க" என்று டாக்டர் கேட்க, அந்த அக்கா சொன்னார்: "எனக்கு என்ன தெரியும் டாக்டர்? ஆனா அந்த இடது பக்கம் கோவிச்சுக்கிட்டு மேல ஏறி உக்காந்திருக்கு." டாக்டர் பன்னிரண்டு தையலைப் பிரித்தார். கோபித்துக்கொண்டதைக் கீழே இறக்கிவிட்டுத்தான் தைத்தார். அந்த அக்கா இங்கே வாசல் பக்கம் நிற்கிறார். அவருக்கு ஒரு நாற்காலி கொடுக்க இந்தக் கூட்டத்தில் ஆளில்லை.

எனக்கும் திரும்ப ஆபரேஷன் செய்தார். போட்டதைக் கொஞ்சம் இறக்கி, மற்றதைக் கொஞ்சம் தூக்கி. ஒரு வருடம் கழித்து ஒரு நாள் காலையில் கும்பிட்டு முடித்து, அடுப்பைப் பற்ற வைத்து, பால் பொங்கும்போதுதான் தோன்றியது, இன்றைக்கு நடுவில் எதுவும் வந்து நிற்கவில்லையே என்று. டாக்டருக்கு போன் செய்தேன். "என்னம்மா ஆச்சு?" என்று பதறினார். "மறந்துட்டேன் டாக்டர்" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்தது. அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் அந்த அறையில் நான் இருந்தேன். நூற்றுப் பதினெட்டுப் பெண்கள். ஒவ்வொருத்தியின் அளவும், ஒரு வருடம் கழித்து அவளே சொன்ன வார்த்தையும் என் நோட்டில் இருக்கின்றன. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தவர்கள் எத்தனை பேர்? ஒன்பது. ஒன்பதே ஒன்பது! அந்த ஒன்பது பேர் பெயரையும் டாக்டர் மறக்கவே இல்லை.

இதே தலைவர் அவர்கள் ஒரு நாள் கேட்டார்: "மூணு ஆபரேஷன் நடக்கற எடத்துல ரெண்டுதான் நடக்குது. இந்தப் பொம்பளைங்களுக்கு உயிர் வேணுமா, அழகு வேணுமா?" நம் டாக்டர் பதில் சொன்னார்: "உயிர் இருக்கறதாலதான் சார் சட்டை போடறாங்க."

அவர் போய்விட்டார். காலையில் சாப்பாட்டு மேசையில், தங்கையிடம் தண்ணீர் கேட்டுவிட்டு, அது வருவதற்குள் தலையில் ரத்தக்குழாய் வெடித்துப் போய்விட்டார். ஐம்பத்தெட்டு வயசு. கடவுள் ஏன் அழைத்தார் என்று நான் கேட்க மாட்டேன். அது அவர் கணக்கு. மனிதர்கள் அதற்குப் பிறகு செய்ததைக் கேட்பேன். அது நம் கணக்கு.

ஒன்பதாவது நாள். அவர் போய் ஒன்பதே நாளில் தகவல் பலகையில் ஒரு தாள் ஒட்டினீர்கள். "அறுவை மேசையில் நோயாளியை நிமிர்த்திப் பார்க்கும் நடைமுறை எழுத்துவடிவில் இல்லாததாலும், நேரம் கருதியும், இனிக் கட்டாயமில்லை." மூன்று முறை படித்தேன். பிறகு சுவர் அறைக்குப் போனேன். பழைய இரும்பு அலமாரிகளைக் கொண்டுவந்து அந்தச் சுவரை மறைத்து வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறீர்கள். ஒன்பது நாளில்! இந்த ஆஸ்பத்திரியில் பெண்கள் கழிப்பறைத் தாழ்ப்பாள் உடைந்து எட்டு மாதமாகிறது. அதைச் சரிசெய்ய ஆளில்லை. அலமாரி தள்ள மட்டும் எங்கிருந்து வந்தார்கள் இத்தனை பேர்?

இன்றைக்கு இங்கே என்ன அறிவித்தீர்கள்? புதிய கூட்ட அரங்குக்கு அவர் பெயராம். வாசலில் ஆளுயரப் படமாம். பெயரை மேலே மாட்டிவிட்டு வேலையைக் கீழே இறக்கி வைப்பதற்குப் பெயர் மரியாதையா? அவர் கேட்டது அரங்கா? இருபது நிமிடம்!

டாக்டர், உங்கள்மேலும் எனக்குக் கோபம்தான். சொல்லாமல் இறங்க மாட்டேன். எத்தனை புதன்கிழமை சொன்னேன், "இதையெல்லாம் முறையா எழுதிக் கையெழுத்துப் போட்டு வெச்சிடுங்க" என்று? "எழுதிடலாம்மா, அடுத்த வாரம்" என்றீர்கள். "அதான் உங்க நோட்டுல இருக்கே" என்று சிரித்தீர்கள். இருக்கிறது! கொண்டுபோய்க் காட்டினேன். "வீட்டுப் பெண்ணோட நோட்டெல்லாம் ஆவணம் ஆகாதும்மா" என்று திருப்பிக் கொடுத்தார்கள். நூற்றுப் பதினெட்டு உடம்பை எழுதியது ஆவணமில்லையாம். ஒன்பதாம் நாள் ஒட்டிய ஒரு தாள் ஆவணமாம். எங்களை இப்படி விட்டுவிட்டுப் போனீர்களே, நியாயமா?

சரி. வருகிற வியாழக்கிழமை முதல் ஆபரேஷன் யாருக்கு என்று தெரியுமா? பள்ளி வேன் ஓட்டுகிற ஒரு பெண்ணுக்கு. முப்பத்தாறு வயசு. சீட் பெல்ட் மார்புக்குக் குறுக்காக ஓடுகிற வேலை. அவளுக்குக் கோடு போட நம் டாக்டர் நாள் குறித்திருந்தார். தாள் ஒட்டிய மறுநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "அக்கா, இப்ப நான் என்ன பண்றது? ஒத்துக்கிட்டுப் படுத்துடவா?" என்று கேட்டாள். அவள் வைத்திருந்த ஒப்புதல் படிவத்தை வாங்கினேன். அதை நீங்கள் யாரும் படித்ததில்லை என்று நினைக்கிறேன். நான் பொடி எழுத்து எல்லாவற்றையும் படிக்கிறவள். கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்கு மேலே, "நோயாளி கூற விரும்புவது" என்று போட்டு இரண்டு வரி இடம் விட்டிருக்கிறீர்கள். அச்சடித்ததிலிருந்து அதில் ஒருத்தியும் எதுவும் எழுதினதில்லை.

எங்கள் நூற்றுப் பதினெட்டுப் பேரில் எண்பத்திரண்டு பேர் போன ஞாயிற்றுக்கிழமை தையல்காரம்மா வீட்டில் கூடினோம். முடிவெடுத்துவிட்டோம். அதை உறுதிமொழி என்று வைத்துக்கொள்ளுங்கள், மிரட்டல் என்று வைத்துக்கொண்டாலும் சரி. இனி இந்த ஆஸ்பத்திரியில் மார்பு அமைக்க வருகிற ஒவ்வொரு பெண்ணோடும், முதல் நாள் எங்களில் ஒருத்தி இருப்பாள். சுவரை மறைத்துவிட்டீர்களா? வார்டுக் குளியலறையில் ஓடு பதித்த சுவர் இருக்கிறது. கொத்தனாரே கோடு போட்டு வைத்திருக்கிறார். அதோரம் நிற்க வைப்போம். அளவெடுப்போம். அந்த இரண்டு வரியை அவள் கையால் எழுத வைப்போம். எழுதத் தெரியாதவளுக்கு நாங்கள் எழுதிப் படித்துக் காட்டுவோம். அந்த இரண்டு வரிக்கு ஒத்துக்கொள்ளாமல் அவள் மேல் கத்தி வைக்க உங்களுக்கு உரிமை கிடையாது. எந்தத் தாளை வேண்டுமானாலும் பலகையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் செய்யப்போகிறவர் நம் சின்ன டாக்டர். அதோ, மேடையின் ஓரத்தில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான்கு வருடம் நம் டாக்டரிடம் வேலை கற்றவர். இன்று காலையில் அவரிடம் போனோம், நானும் வேன் ஓட்டுகிறவளும். படிவத்தைக் கொடுத்தோம். படித்தார். ரொம்ப நேரம் படித்தார், இரண்டே வரியை. "என் வேலைக்கு என்னாகும்னு தெரியலைம்மா" என்றார். "தெரியாதுதான் தம்பி" என்றேன். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேனாவை எடுத்தார். எழுதிவிட்டு, "நீங்களே மேடையில சொல்லிடுங்கம்மா, எனக்கு அவ்வளவு தைரியம் வராது" என்றார். அதனால் சொல்கிறேன். அதன் பிரதி என் கையில் இருக்கிறது. படிக்கிறேன்.

வேன் ஓட்டுகிறவள் எழுதியது: "தைப்பதற்கு முன்னால் என்னை உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். சமமாக இல்லை என்றால் பிரித்துத் தைக்க வேண்டும். இதற்கு மட்டும்தான் நான் சம்மதிக்கிறேன்."

அதன் கீழே சின்ன டாக்டரின் கையெழுத்து. கையெழுத்துக்கு மேலே ஒரே வார்த்தை. "செய்வேன்."

தலைவர் அவர்களே, வியாழக்கிழமை காலை ஏழரை மணி. இருபது நிமிடம் சேர்த்தே நேரம் போட்டுவிடுங்கள். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.